மகளின் எழுத்தில் நுழையும் பேச்சு ஆங்கிலம்: என்ன பயிற்சி தரலாம்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், ஓராண்டாக அமெரிக்க யூடியூப் காணொளிகளைப் பார்த்தே சரளமாக ஆங்கிலம் பேசுகிறாள்; ஆனால் காலாண்டுத் தேர்வில் ‘ஷி டோன்ட் நோ நத்திங்’ என்று எழுதிச் சிவப்பு மைக்கோடு வாங்கி வந்தாள். ‘டோன்ட்’, ‘நத்திங்’ என இரு மறுப்புச் சொற்கள் சேர்ந்து வரும் அந்த இரட்டை எதிர்மறை, அங்குள்ள கறுப்பின மக்களின் வழக்கில் மறுப்பை அழுத்திச் சொல்லும் முறையான அமைப்பு என்பதால், வெறும் பிழை என்று கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. நாமும் ‘வந்துச்சு’ என்று பேசிவிட்டு ‘வந்தது’ என்றுதானே எழுதுகிறோம்.

இரண்டு மாதம் இலக்கணப் பயிற்சி நூலைச் செய்ய வைத்தேன், தனிப்பயிற்சிக்கும் அனுப்பினேன். கோடிட்ட இடங்களைச் சரியாக நிரப்புகிறவள், சொந்தமாக எழுதும்போது ‘இஸ் நாட்’ போன்றவற்றுக்குப் பதிலாகப் பேச்சில் வரும் ‘எயின்ட்’டுக்கே திரும்பிவிடுகிறாள். காணொளிகளை நிறுத்தியதில் அவள் பேசுவதுதான் குறைந்தது.

பேச்சைக் கெடுக்காமல், பொதுத்தேர்வுக்குள் எழுத்தில் மட்டும் தேர்வுக்கு ஏற்ற பொது ஆங்கிலம் படிய என்ன பயிற்சி தரலாம்?