டர்பனில் தமிழ் பேசும் மனநல ஆலோசகர் யாரையாவது தெரியுமா?

வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். அப்பா போன பிறகு அம்மாவை ஊரிலிருந்து இங்கே அழைத்து வந்தோம். அம்மா அழுவதே இல்லை. நெஞ்செரிச்சல், கை கால் குடைச்சல் என்றுதான் சொல்கிறார். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துலக்குகிறார். சித்தப்பாவுக்கு மனசு சரியில்லாமல் போனபோது ஓயாத பேச்சு, கண்டபடி செலவு, சண்டை. அதைப் பார்த்தவர்களுக்கு அம்மாவுடையது நோயாகவே படவில்லை.

போன வாரம் கம்மலைக் கழற்றி என் மகளிடம் கொடுத்து, "இனி எனக்கு எதுக்கு, நீ வச்சுக்கோ" என்றார். இப்படிப் பொருளைக் கொடுத்துவிடுவது தற்கொலை எண்ணத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். நேராகவே கேட்டேன், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பதில் இல்லை. மாத்திரைகளைப் பூட்டி வைத்திருக்கிறேன், அம்மாவைத் தனியாக விடுவதில்லை.

மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு உதவும் இங்குள்ள சாடாக் (SADAG) அமைப்பின் இலவச எண் 0800 567 567 தெரியும். ஆனால் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். தமிழ் பேசும் ஆலோசகரோ மருத்துவரோ பீனிக்ஸ், டோங்காட் பக்கம் இருந்தாலும் சரி. அப்புறம், மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 72 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்களே, அந்த அனுபவம் யாருக்காவது உண்டா? பேச்சுத் துணைக்கு வீட்டு ஆளைக் கூட இருக்க விடுவார்களா? தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்றே சொல்லுங்கள்.