காரில் ‘கர்ர்ர்’ சத்தம், விடியற்காலை திருச்சி போக வேண்டும், உதவி

கானாடுகாத்தான்_பேரன் · வெள்ளி இரவு 8.12
வணக்கம். காரை ஸ்டார்ட் செய்தால் முன்பக்கத்திலிருந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். இதுவரை இப்படி வந்ததே இல்லை. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, திருச்சி ஏர்போர்ட்டில் மாமாவைக் கூட்டி வர வேண்டும். என்ன கோளாறு? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லவும்.

ரஸ்தாக்காரன் · 8.15
என்ன கார்?

புதுவயல்_மில் · 8.17
பெட்ரோலா டீசலா? எத்தனை கிலோமீட்டர்? நிற்கும்போது வருகிறதா, ஓடும்போதா?

அச்சாணி · 8.19
சிவி ஜாயிண்ட், முன்சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டின் மூட்டு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் எல்லாம் போயிருக்கும். எனக்கும் இப்படித்தான் வந்தது, இரண்டு பக்கமும் மாற்றிய பிறகுதான் நிம்மதி.

கானாடுகாத்தான்_பேரன் · 8.26
வெள்ளை கார் அண்ணே. அப்பா ஓட்டியது. ஸ்டார்ட் செய்ததுமே வருகிறது.

ஸ்பேனர்_14 · 8.31
வெள்ளை கார்! ஜாதகம் பார்க்கப் போனால்கூட ராசி நட்சத்திரம் கேட்பார்கள் தம்பி. மாடல், வருஷம், எரிபொருள், கிலோமீட்டர், சத்தம் எப்போது வருகிறது, இந்த ஐந்தையும் எழுதாமல் கேட்காதீர்கள் என்று நான் எத்தனை இழையில்தான் சொல்வது? 22 வருஷமாக எஞ்சின் பிரிக்கிறேன். ‘கர்ர்ர்’ என்று எழுதினால் என் காதில் விழாது.

அப்பத்தா_வண்டி · 8.34
அவசரத்தில் இருக்கிறார், விடுங்கள் அண்ணே. தம்பி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் கூடுகிறதா? கூடினால் சக்கரத்துப் பக்கம் போகவே வேண்டாம். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றுதான்.

அச்சாணி · 8.36
சிவி ஜாயிண்ட் நின்றபடியும் சத்தம் கொடுக்கும்.

ஸ்பேனர்_14 · 8.38
கொடுக்காது. சக்கரம் சுற்றாமல் அது எங்கே சுற்றும்? ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக் டக்’ என்றால் சிவி. நேராகப் போகும்போது வேகம் கூடக் கூட ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் வீல் பேரிங். இதுகூடத் தெரியாமல் இரண்டு பக்கமும் மாற்றியிருக்கிறீர்கள்.

கானாடுகாத்தான்_பேரன் · 8.52
மாருதி 800, 2007, பெட்ரோல், 61,000 கி.மீ. ஆமாம், மிதித்தால் கூடுகிறது. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். கார் சித்திரையில் பின்தெரு செட்டில் விட்டது, இன்று மத்தியானம்தான் எடுத்தேன். திருமயம் வரை போய்ப் பார்த்தேன். கோட்டை தெரிகிற இடத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஓரங்கட்டி ஆற வைத்துத் திரும்பி வந்தேன்.

ரஸ்தாக்காரன் · 8.53
இதைத்தானய்யா முதலில் சொல்ல வேண்டும்!

புதுவயல்_மில் · 8.55
சித்திரையில் போட்ட பெட்ரோல் இன்னும் டேங்கில் இருக்கிறதா? இப்போது வருவதெல்லாம் இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 2007 வண்டிக்கு அது ஆகாது. எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான்.

ஆத்தங்குடி_பூக்கல் · 9.01
எலி பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் மாசக்கணக்கில் நின்ற கார் என்றால் முதலில் பானட்டைத் திறந்து எலிதான் பார்க்க வேண்டும். போன வருஷம் எங்கள் காரின் ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் புளியங்கொட்டை, சாக்குப்பிசிறு, கிழிந்த கல்யாணப் பத்திரிகை எல்லாம் அரைப்படி இருந்தது. ரேடியேட்டர் ஃபேன் ஒயரைக் கடித்திருந்தால் ஃபேன் சுற்றாது, முள் ஏறும்.

அப்பத்தா_வண்டி · 9.08
எலி சொன்னது நியாயம்தான், ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆனால் ஒயர் அறுந்தால் ‘கர்ர்ர்’ என்று வராது. பெட்ரோல் கெட்டால் வண்டி இழுக்காது, விக்கும், அதுவும் ‘கர்ர்ர்’ என்னாது. சத்தமும் சூடும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக அந்த வண்டியில் இருப்பது தண்ணீர் பம்பு.

800-இல் ஃபேன் பெல்ட் ஒன்றே, பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவையும் எஞ்சினை ஆற்றும் தண்ணீரைச் சுற்றவிடும் தண்ணீர் பம்பையும் சுற்றும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு இப்படிச் செய்யுங்கள். டைனமோ போல்ட்டைத் தளர்த்தி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அரை நிமிஷம்தான், பெல்ட் இல்லாமல் பம்பு சுற்றாது, எஞ்சின் காய்ந்துவிடும். சத்தம் நின்றுவிட்டால் எஞ்சினுக்கு உள்ளே கோளாறு இல்லை, பெல்ட்டில் சுற்றும் இரண்டில் ஒன்று. அப்புறம் அணைத்துவிட்டு இரண்டு புல்லியையும் கையால் சுற்றுங்கள். நல்ல பேரிங் வழுவழுவென்று சுற்றும். கெட்டது மணல் அரைக்கிற மாதிரி விரலிலேயே தெரியும். பம்பு புல்லியை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள், துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. பம்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, டார்ச் அடித்து அங்கே கசிந்து காய்ந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சில வண்டிகளில் பம்பை டைமிங் பெல்ட் சுற்றும். அதில் கை வைக்காதீர்கள்.

ரஸ்தாக்காரன் · 9.13
பெல்ட் கழற்றத் தெரியாவிட்டால் நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். நுனியைப் பம்பு உடம்பில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேளுங்கள். பிறகு டைனமோ மேல் வைத்துக் கேளுங்கள். எது இரைகிறதோ அது. சட்டை, துண்டு பெல்ட்டில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, செட்டுக்குள் வைத்துக் கேட்காதீர்கள். நம் பின்தெருக்களில் இரண்டு பக்கமும் ஒரு தெரு நீளத்துக்கு மதில், தையல் மிஷின் சத்தம்கூட ரைஸ்மில் மாதிரி கேட்கும். ஊருணிக் கரைப் பொட்டலில் நிறுத்திக் கேளுங்கள். ஓடும்போது வருகிற சத்தமாக இருந்தால் அந்த மதிலே உதவும், கண்ணாடியை இறக்கிவிட்டு ஒட்டினாற்போல் மெதுவாகப் போனால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

கொத்தமங்கலம்77 · 9.20
என் வண்டியிலும் இதே சத்தம் வருகிறது. என்ன செய்யலாம்?

ஸ்பேனர்_14 · 9.21
உங்களுடையது என்ன, சிவப்பு காரா?

கானாடுகாத்தான்_பேரன் · 10.05
பெல்ட் இல்லாமல் சத்தம் இல்லை. டைனமோ நன்றாகச் சுற்றுகிறது. பம்பு புல்லி ஆடுகிறது, அடியில் செம்மண் நிறத்தில் வடிந்து காய்ந்திருக்கிறது. இதோடு திருச்சி போய் வரலாமா?

ஸ்பேனர்_14 · 10.07
கூலண்ட் செம்மண் நிறத்திலா? என்ன ஊற்றினீர்கள்?

கானாடுகாத்தான்_பேரன் · 10.09
தண்ணீர்தான் அண்ணே. அப்பா காலத்திலிருந்து காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர்தான் ஊற்றுவோம்.

அப்பத்தா_வண்டி · 10.12
போக வேண்டாம் தம்பி. அந்தப் பேரிங் வழியில் எங்கே இறுகிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. இறுகினால் பெல்ட் அறும், சார்ஜும் போகும், தண்ணீர் சுற்றுவதும் நிற்கும். எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கட், வெந்தால் செலவு எங்கேயோ போய்விடும். இப்போதே டாக்சி சொல்லி வையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

ஆத்தங்குடி_பூக்கல் · 10.15
சம்பை ஊற்றுத் தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறார்களா! அதில் ஒரு காபி போட்டுக் குடித்தவர்களுக்குத் தெரியும் அருமை.

அச்சாணி · 10.18
எங்கள் அப்பச்சி அம்பாசிடருக்குக் கடைசிவரை தண்ணீர்தான். ஒன்றும் ஆகவில்லை. கூலண்ட் எல்லாம் கம்பெனிக்காரன் காசு பார்க்கிற வேலை.

உப்புச்சத்து · 10.27
அம்பாசிடரில் எஞ்சின் பிளாக் இரும்பு, ரேடியேட்டர் பித்தளையும் செம்பும், எல்லாம் கனமான உருப்படி. 800-இல் எஞ்சின் ஹெட் அலுமினியம், பம்பு உடம்பும் அலுமினியம், நடுவில் எஃகுத் தண்டு. இரண்டு உலோகத்துக்கு நடுவே தண்ணீர் நின்றால் அது ஒரு சின்ன பேட்டரி, அலுமினியம் கரைந்துகொண்டே இருக்கும். தண்ணீர் எவ்வளவு தித்தித்தாலும் துருவைத் தடுக்கும் மருந்து அதில் கிடையாது. கூலண்டில் விலையே அந்த மருந்துக்குத்தான். கரைந்ததும் துருவும் சேர்ந்து, பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் என்கிற அடைப்பை அரைக்கும், சீல் போனால் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கும். மாசக்கணக்கில் ஓடாமல் நின்றது இன்னும் மோசம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் கொடுத்து, 1953-இல் காரைக்குடியில் திறந்த மின்வேதியியல் ஆய்வுக்கூடம் சிக்ரியில் துருப்பிடிப்பதைப் பற்றித்தான் ஒரு துறையே வேலை செய்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீரா?

அச்சாணி · 10.31
சிக்ரி வருவதற்கு முன்பே செட்டிநாட்டில் கார் ஓடியது ஐயா.

உப்புச்சத்து · 10.33
ஓடியது. கூடவே டிரைவரும் இருந்தார், தினமும் பானட்டைத் திறந்து பார்த்தார்.

புதுவயல்_மில் · 10.36
சம்பை ஊற்று இப்போதெல்லாம் பழைய ருசி இல்லை.

ஆத்தங்குடி_பூக்கல் · 10.37
யார் சொன்னது? எந்தக் குழாயில் பிடித்தீர்கள்?

(இதற்குப் பிறகு தண்ணீர் ருசி பற்றி 19 பதிவுகள். தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். – ஸ்பேனர்_14)

அப்பத்தா_வண்டி · சனி காலை 9.40
தம்பி, டாக்சி கிடைத்ததா?

ரஸ்தாக்காரன் · ஞாயிறு மாலை 6.15
ஆளைக் காணோம். நம்மைக் கேட்டுவிட்டு அந்தக் காரிலேயே போயிருப்பாரோ?

கானாடுகாத்தான்_பேரன் · செவ்வாய் இரவு 11.02
பம்புதான். மாமாவை டாக்சியில் கூட்டி வந்தோம். பம்பு, பெல்ட், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 2,650 ஆனது. சத்தம் இல்லை. சென்னை வந்துவிட்டோம். நன்றி அப்பத்தா அக்கா, ஸ்பேனர் அண்ணே.

அப்பத்தா_வண்டி · 11.10
நல்லது தம்பி. காரை மறுபடியும் செட்டில்தான் விட்டு வந்தீர்களா? மாசத்துக்கு ஒரு தடவையாவது யாரையாவது எடுத்து ஓட்டச் சொல்லுங்கள்.

அச்சாணி · 11.48
அப்படி ஓட்டும்போது சிவி ஜாயிண்ட்டையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.