குத்தகைத் திடலில் ஆறு லட்சத்தைப் போடலாமா? பூட்டும் போடச் சொல்கிறார்கள்

கேள்வி: கோரையாற்றுக்காரன்

வணக்கம். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட ஒரு கடைமடைக் கிராமம் எங்களுடையது. ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு நான் பொருளாளர். மாலை ஐந்து மணிக்கு உரக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் பத்து நாளாகத் தவிக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆடும் திடல் எங்களுடையது இல்லை. ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். சுற்றிலும் நஞ்சை, இது மட்டும் மேடு. வாய்க்கால் தண்ணீர் ஏறாததால் உரிமையாளர் வீட்டில் சாகுபடியை விட்டுவிட்டார்கள், காட்டுக்கருவை மண்டிப்போய்க் கிடந்தது. 2012-இல் நாங்கள் நாற்பது பேர் சேர்ந்து இரண்டு மாதம் வெட்டி, வேரைப் பிடுங்கி, மண் அடித்து மட்டம் செய்தோம். அதற்கு முன்னால் எங்கள் ஊருக்குக் கால்பந்து என்பது வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான். சம்பா அறுத்து, அதில் தெளித்த உளுந்தையும் எடுத்த பிறகு, வெடித்துக் கிடக்கும் வயலில் ஆடுவோம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் பக்கம் எட்டிப்பார்த்து ஏர் இறங்கினால் பந்து பரணுக்குப் போய்விடும். இந்த மேடு கிடைத்த பிறகுதான் ஐப்பசி, கார்த்திகையில்கூட மழை விட்ட இரண்டாம் நாள் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

முழு அளவுத் திடல் 105-க்கு 68 மீட்டர். அதுவே ஐந்தேகால் மாவுக்கு மேல் போய்விடும். ஓரத்தில் புங்கமரங்களும் பழைய பம்புசெட் கொட்டகையும் இருப்பதால் நாங்கள் 95-க்கு 60 என்று கோடு போட்டிருக்கிறோம். தரை முழுவதும் அருகம்புல். நாங்கள் நட்டது இல்லை, அதுவாகப் பரவியது.

வருடக் குத்தகை 30,000 ரூபாய். ஒவ்வொரு முறையும் 11 மாதத்துக்கு ஒரு தாள் எழுதி, குழுத் தலைவரும் நானும் கையெழுத்துப் போடுகிறோம். முடிந்த வீட்டில் மாதம் 100 ரூபாய் வாங்குகிறோம். முடியாத வீட்டில் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது என்பது முதல் நாளே பேசிய பேச்சு. சித்திரையில் செவன்ஸ் போட்டி (அணிக்கு ஏழு பேர் ஆடுவது) நடத்தி வரும் நுழைவுக் கட்டணம்தான் பந்து, வலை, புல்வெட்டு, டீசல் எல்லாவற்றுக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் ஆறு லட்சம் தருகிறேன் என்கிறார். நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம், சுற்றிலும் கம்பிவலை வேலி, ஒரு இரும்புக் கதவு. நல்ல மனதோடுதான் தருகிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கதவுக்குப் பூட்டு வேண்டும், குழுவில் இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது, நெல் காயப்போடக் கூடாது என்கிறார்.

நெல்தான் பெரிய பிரச்சினை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறுவை அறுப்பு மழையோடு வருகிறது. எங்கள் ஊரில் களம் கிடையாது. ரோட்டில் காயவைத்தால் லாரிக்காரன் நெல்மேல் ஏற்றிவிட்டுப் போகிறான், ராத்திரியில் பைக்கில் வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். அதனால் அறுவடை நாட்களில் நான்கைந்து வீட்டு நெல் திடலில் தார்ப்பாய்மேல் காயும். காலையில் பெண்கள் நடக்க வருகிறார்கள். தீமிதி அன்று கடை போடுகிறார்கள். அந்த நிலத்தில் கருவை வெட்ட வந்த நாற்பது பேரில் பாதிப்பேர் பந்தையே தொடாதவர்கள்.

குழுவில் பாதி, "பணம் திரும்ப வராது, வாங்கிக்கொள்வோம்" என்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. போதாததற்கு, உரிமையாளர் அண்ணன் தம்பி இருவரில் சின்னவர் நிலத்தை விற்கலாமா என்று விசாரிக்கிறார் எனக் கேள்விப்பட்டேன். கம்பத்தை நட்டு ஆறு மாதத்தில் காலி செய்யச் சொன்னால் அந்த அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்? குத்தகை இடத்தில் குழு நடத்தியவர்கள், பணம் சேர்த்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: பத்திரக்கூடம்

அண்ணே, 22 வருடமாகப் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் இருக்கிறேன். ஒரு பைசா வாங்குவதற்கு முன்னால் அந்தத் தாளை மாற்றுங்கள்.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் ஊர் முழுக்க 11 மாதம் எழுதுகிறார்கள். ஆறு லட்சம் புதைக்கிற இடத்துக்கு அது போதாது. ஒன்பது வருடமோ பத்து வருடமோ பேசி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், நடுவில் நிலத்தை விற்றாலும் வாங்குகிறவர் அந்தக் காலம் முடியும்வரை உங்கள் குத்தகையோடுதான் வாங்க வேண்டும். வில்லங்கச் சான்றிலும் அது தெரியும்.

அண்ணன் தம்பி இருவர் என்றீர்கள். உடன்பிறந்த பெண்கள் உண்டா? எங்கள் மேசைக்கு வரும் சிக்கலில் பாதி இதுதான். தமிழ்நாட்டில் 1989-லேயே குடும்பச் சொத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பங்கு வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. பங்கு உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வெளியூரில் இருந்தால் பவர் கொடுக்கட்டும்.

குத்தகை யார் பெயரில் என்பதும் முக்கியம். நீங்களும் தலைவரும் போட்டால் அது உங்கள் இருவர் குத்தகை. நாளைக்கு உங்களுக்குள் மனக்கசப்பு வந்தால் திடல் யாருடையது? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். சங்கத்தின் பெயரில் எழுதுங்கள்.

விளக்குக் கம்பம் பற்றி. சொத்து மாற்றச் சட்டம் 108-ஆம் பிரிவில், குத்தகைதாரர் நிலத்தில் பொருத்தியதை அவரே கழற்றிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறது. ஆனால் நிலம் அவர் கையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், வாங்கியபோது இருந்த நிலையில் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். அதையே பத்திரத்தில் ஒரு ஷரத்தாக எழுதிவிடுங்கள்: கம்பம், வேலி, கோல்போஸ்ட், மோட்டார் சங்கத்தின் சொத்து என்று. மின் இணைப்புக்கு உரிமையாளர் சம்மதம் தருவதையும் அதிலேயே சேருங்கள். பிறகு தனியாக அலைய வேண்டாம்.

இன்னொன்று. குத்தகை என்ற சொல்லைக் கேட்டாலே நம் பக்க நிலக்காரர்கள் பயப்படுவார்கள். 1955-ஆம் வருடக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில் நிலம் சிக்கிவிடுமோ என்று நினைப்பார்கள். அந்தச் சட்டம் சாகுபடி செய்கிறவருக்கானது, பந்து ஆடுகிறவர்களுக்கு இல்லை. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும்.


பதில் 2: திருவையாறு லெஃப்ட்பேக்

எங்கள் திடல் கோயில் நிலம். ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகை என்றால் அறநிலையத்துறை ஆணையர் அனுமதி இல்லாமல் செல்லாது. அதனால் நிரந்தரமாக எதையும் கட்டுவதில்லை என்று முடிவு செய்து, கோல்போஸ்ட்டுக்குக்கூடச் சக்கரம் வைத்துவிட்டோம். பட்டா நிலம் கிடைத்த நீங்கள் பாக்கியசாலி. பத்திரக்கூடம் அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள்.


பதில் 3: வேதாரண்யம் பி.டி. டீச்சர்

சார், நான் பூட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஊரில் ஒரு திடலுக்கு இதே மாதிரி நன்கொடையில் வேலியும் கதவும் வந்தன. சாவி மூன்று பேரிடம் இருந்தது, மூன்று பேரும் ஆண்கள். யாரும் எங்களை வராதே என்று சொல்லவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி பூட்டிய கதவின் முன்னால் நின்று, யார் வீட்டில் போய்ச் சாவி கேட்பாள்? ஒரு நாள் கேட்பாள், இரண்டு நாள் கேட்பாள். என்னிடம் 19 பெண்கள் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார்கள், அடுத்த வருடம் ஐந்து பேர்தான் மிச்சம். அந்த 14 பேரின் பெயரும் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

உங்கள் திடலில் காலையில் பெண்கள் நடக்கிறார்கள் என்றீர்களே, அதை விட்டுவிடாதீர்கள் சார். அம்மாக்கள் அங்கே இருப்பதால்தான் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்புவார்கள். பம்புசெட் கொட்டகை இருக்கிறதே, முதல் ஐம்பதாயிரத்தை அதில் போட்டுத் தண்ணீர் வசதியோடு கழிப்பறையும், தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறையும் செய்துகொடுங்கள். விளக்கு அதற்குப் பிறகு வரட்டும்.

நெல்லுக்கு ஒரு வழி. நாங்கள் இப்போது செய்வது இது. கோலுக்குப் பின்னால் இருக்கும் பட்டையும் ஒரு பக்க ஓரமும் நெல்லுக்கு, நடுத்திடல் பந்துக்கு. ஒரு வீட்டுக்குத் தொடர்ந்து மூன்று நாள். மூன்றாம் நாள் தார்ப்பாயைச் சுருட்டிப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் சிந்திய நெல் மழையில் முளைத்துவிடும். அருகம்புல் மஞ்சளாகும், தண்ணீர் விட்டால் ஒரு வாரத்தில் எழுந்துவிடும். யாருக்கு எந்த நேரம் என்பதைப் பலகையில் எழுதி நுழைவில் மாட்டுங்கள். பெண்கள் அணிக்கு வாரத்தில் இரண்டு மாலை என்று எழுதினால், மழை வந்து ஒரு நாள் போனாலும் அந்த நேரம் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும்.

கம்பம் பற்றி ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது எங்கள் ஊர்ப்பக்கம். தென்னையே நிற்கவில்லை, விளக்குக் கம்பம் எங்கே நிற்கும்? சாய்ந்ததை நிமிர்த்தப் பணம் இல்லாமல் இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. நன்கொடை தருகிறவர் வைக்கத்தான் தருவார், பராமரிக்கத் தரமாட்டார். ஆறு லட்சத்தில் ஒரு லட்சத்தைத் தொடாமல் வங்கியில் போடுங்கள்.


பதில் 4: கூத்தாநல்லூர் பழைய கோலி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் பக்கம் வெளிநாட்டுப் பணத்தில்தான் கால்பந்து ஓடுகிறது. அதனால் ஒரு எச்சரிக்கை.

அந்த அண்ணனிடம் முதலில் கேளுங்கள்: கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டா, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டா? இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், நம் ஊரிலேயே பிறந்தவராக இருந்தாலும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் வருட வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி முன் அனுமதியோ பதிவோ இல்லாமல் சங்கம் அதைத் தொடக்கூடாது. டெல்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்று தனிக் கணக்கும் வேண்டும். தெரியாமல் வாங்கிவிட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். பொருளாளர் பெயர் ஒருமுறை ஊர் வாயில் விழுந்தால் எழுந்திருக்காது.

கம்பெனிப் பணமும் பிற்பாடு முயலலாம். கம்பெனிகள் சட்டத்தில் சமூகப் பொறுப்பு நிதியாக லாபத்தில் இரண்டு சதவீதம் செலவு செய்யச் சொல்கிறார்களே, அந்தப் பட்டியலில் ஊரக விளையாட்டுப் பயிற்சி இருக்கிறது. ஆனால் வருமான வரித்துறைப் பதிவுகள் (12ஏ, 80ஜி என்பார்கள்), கம்பெனிப் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு, மூன்று வருடச் செயல்பாடு எல்லாம் கேட்பார்கள். இந்த வருடமே சங்கத்தைப் பதிந்தால் அதற்குள் கணக்கு சுத்தமாகிவிடும். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடுகிறது, ஆனால் அது பொதுச் சொத்துக்குத்தான். தனியார் பட்டாவில் நடக்காது. நெற்களம் கேட்டு ஊராட்சியில் மனுக் கொடுங்களேன். களம் வந்தால் திடலில் பாதிப் பாரம் குறையும்.


பதில் 5: கோரையாற்றுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா எழுதியதைக் குழுக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைவரே எழுந்து, "பூட்டு வேண்டாம்" என்றார்.

சிங்கப்பூர் அண்ணனிடம் நேற்று ஒரு மணி நேரம் பேசினேன். அங்கே நிரந்தரவாசிதான், இந்தியப் பாஸ்போர்ட்டை மாற்றவில்லை. பூட்டைப் பற்றிச் சொன்னதும் வருத்தப்பட்டார். ஊரை விட்டுப் போய் 17 வருடம் ஆகிறது, திடலில் நெல் காய்வதை அவர் பார்த்ததில்லை. ரோட்டில் விபத்து நடந்த வீட்டைச் சொன்னேன். அவருக்கு அந்த வீட்டுப் பிள்ளையைத் தெரியும். "சரி, கதவு இருக்கட்டும், மாடு வராமல் தாழ்ப்பாள் மட்டும் போதும்" என்றார். ஒரு லட்சத்தை வங்கியில் போடுவதற்கும் சம்மதித்துவிட்டார். கொட்டகையைக் கழிப்பறையாக்க முதல் தவணை, பத்திரம் பதிந்த பிறகுதான் மற்றது என்று பேசியிருக்கிறோம்.

பத்திரக்கூடம் அண்ணே, நீங்கள் கேட்டது சரிதான். ஒரு தங்கை இருக்கிறார், கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்தது. இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. பெரியவர் ஒன்பது வருடத்துக்குச் சரி என்கிறார். சின்னவர் குத்தகையை 40,000 ஆக்கினால் சம்மதம் என்கிறார், அது நியாயம்தான். புதன்கிழமை நானும் தலைவரும் கும்பகோணம் போய் அந்த அம்மாவைப் பார்க்கிறோம்.

கம்பத்துக்கு அடியில் கான்கிரீட் போட்டு, மேலே போல்ட் முடுக்கிக் கழற்றும்படி செய்தவர்கள் இங்கே இருந்தால், களிமண்ணில் குழி எவ்வளவு ஆழம் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.