விமானப் பயணிகள் உரிமை: மாநிலச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர இயலுமா?

ஹட்சன்கரை (கேள்வி):
நான் நியூயார்க்கில் வசிக்கிறேன். அண்மையில் நான் செல்லவிருந்த உள்நாட்டு விமானம் ரத்தாகி, மறுநாள் காலை விமானத்தில் இடம் தந்தார்கள். இயந்திரக் கோளாறே காரணம் என்று நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டும், அன்றிரவு ஓட்டல் செலவைத் தர மறுக்கிறது. மாநில நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விமான நிறுவனங்களிடம் செல்லாது என்கிறார்களே, அது உண்மையா?

சட்டவாசகன்:
பெரும்பாலும் உண்மைதான். விமானக் கட்டணம், தடம், சேவை ஆகியவை தொடர்பாக மாநிலங்கள் சட்டம் இயற்றுவதையும் செயல்படுத்துவதையும் 1978ஆம் ஆண்டின் விமானத் துறைக் கட்டுப்பாடு நீக்கச் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டம் (நாடு முழுமைக்குமான அமெரிக்கச் சட்டம்) தடுக்கிறது. இதற்கு உங்கள் மாநிலமே சான்று. 2007 பிப்ரவரியில் பனிப்புயலின்போது கென்னடி விமான நிலையத்தில் பயணிகள் விமானங்களுக்குள்ளேயே பல மணி நேரம் அடைபட்டுக் கிடந்ததை அடுத்து, மூன்று மணி நேரத்துக்கு மேல் தரையில் காத்திருக்கும் விமானங்களில் குடிநீர், உணவு, காற்றோட்டம், பயன்படுத்தத்தக்க கழிப்பறை ஆகியவை இருக்க வேண்டும் என்று நியூயார்க் சட்டம் இயற்றியது. அதன் நோக்கம் மெச்சத்தக்கதே ஆயினும், அது மாநிலத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று 2008 மார்ச்சில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. குடிநீர் கொடு என்று சொல்லக்கூட ஒரு மாநிலத்துக்கு உரிமை இல்லை என்பது எனக்கு இன்றளவும் வியப்புதான்.

வழிப்போக்கன்:
மேலே உள்ளது சரி. ஆனால் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எதிர் வோலன்ஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், மாநில நுகர்வோர் மோசடிச் சட்டத்தின்கீழ் எழுந்த கோரிக்கைகளைத் தள்ளியது. ஆனால் நிறுவனம் தானே ஏற்றுக்கொண்ட கடமையை மீறினால் ஒப்பந்த மீறல் என்று வழக்குத் தொடரலாம் என்றும் கூறியது. எனவே, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள காரணத்தால் இரவு தங்க நேர்ந்தால் ஓட்டல் தருவோம் என்று அவர்களுடைய பயண ஒப்பந்தத்தில் (டிக்கெட்டுக்குரிய நிபந்தனைகளில்) எழுதியிருந்தால், அந்த வாசகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சிறு வழக்கு நீதிமன்றத்துக்குச் செல்லுங்கள். 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்ற சொற்களை மனுவில் சேர்க்காதீர்கள்; சேர்த்தால் அது மாநில நுகர்வோர் சட்டக் கோரிக்கையாகிவிடும். ஒப்பந்தத்தில் எழுதப்படாத நல்லெண்ணக் கடமையை (நேர்மையாக நடந்துகொள்ளும் கடமையை) நம்பிச் சென்றவரின் கோரிக்கை, அதை மாநிலச் சட்டமே சுமத்துகிறது என்ற காரணத்தால், 2014இல் உச்ச நீதிமன்றத்தில் கின்ஸ்பெர்க் வழக்கில் தோற்றது.

மழைக்குருவி:
அமெரிக்கக் கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறையிடமும் புகார் அளியுங்கள். நியாயமற்ற, ஏமாற்றும் நடைமுறைகளுக்காக நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் அபராதம் விதித்தால் அது அரசுக்குச் செல்லுமே தவிர, உங்கள் கைக்கு வருவதில்லை. 2024இல் பல மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் (மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரிகள்) புகார்களை விசாரித்து அத்துறைக்கு அனுப்ப உடன்பாடு ஏற்பட்டது. அதனால் மாநிலச் சட்டத்துக்குப் புதிய வலிமை வந்துவிட்டதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது மிகைக்கூற்று, 1978ஆம் ஆண்டின் தடை அப்படியே இருக்கிறது.

ஹட்சன்கரை:
நன்றி. ஓட்டல் வாக்குறுதி ஒப்பந்தத்தில் இல்லாமல், வாடிக்கையாளர் சேவைத் திட்டம் என்ற தனி ஆவணத்தில்தான் இருக்கிறது. அது போதுமா?

வழிப்போக்கன்:
அத்திட்டம் ஒப்பந்தத்தின் பகுதி என்று ஒப்பந்தமே சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் உங்கள் கை ஓங்கும். இல்லையென்றால் நிறுவனம் அதைத்தான் முதலில் மறுக்கும். டிக்கெட் வாங்கிய நாளில் நடைமுறையில் இருந்த வாசகத்தையே தேடி எடுத்து, மனுவுடன் இணையுங்கள்.