கலைச்சொல் விவாதம்: ஓசியானியச் சாம்பியன்ஸ் லீகில் ‘ஹோம்’ அணி எது?

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். பள்ளி நூலகங்களுக்கான விளையாட்டுக் கையேடு ஒன்றில், பசிபிக் தீவுப் பகுதியான ஓசியானியாவின் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் சாம்பியன்ஸ் லீக் 2019 பருவத்தைப் பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை கைப்படி அச்சகத்துக்குச் செல்ல வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நின்றுபோயிருக்கிறேன்.

‘ஹோம் டீம்’ என்பதை ‘உள்ளூர் அணி’ என்றும் ‘அவே டீம்’ என்பதை ‘வெளியூர் அணி’ என்றும் எழுதிவந்தேன். 2018 இறுதியைப் பற்றி எழுதியபோது அதில் இடறல் இல்லை. வெலிங்டனில் நடந்த முதல் ஆட்டத்தில் நியூசிலாந்தின் டீம் வெலிங்டன் பிஜியின் லவுடோகாவை 6–0 என வென்றது. லவுடோகாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தையும் 4–3 என வென்று, மொத்தக் கணக்கில் 10–3 எனக் கோப்பையைப் பெற்றது. எது எவருடைய ஊர் என்பதில் அங்கே ஐயமே எழவில்லை.

2019 பருவத்தின் பிரிவுச் சுற்று அப்படிப்பட்டதன்று. பதினாறு கழகங்கள் நான்கு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவின் ஆட்டங்களும் ஒரே இடத்தில் நடத்தப்பட்டன. டஹிட்டியின் பாப்பேட்டேயிலிருந்து பாப்புவா நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பிக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல்வெளி கிடக்கிறது. இடையில் பன்னாட்டு நாட்கோடும் குறுக்கிடுகிறது. ஒவ்வோர் அணியும் ஒவ்வோர் ஊருக்கும் பறந்து ஆடுவதற்கு அந்தக் கழகங்களிடம் பணமில்லை என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஆயினும் ஒவ்வோர் ஆட்டத்தின் பட்டியலிலும் ஓர் அணி ‘ஹோம்’ என்றே குறிக்கப்படுகிறது. அயல் தீவொன்றில் ஆடும் டஹிட்டிக் கழகத்தை ‘உள்ளூர் அணி’ என்று எழுதினால் அது பிழையான செய்தியாகிவிடும். என்ன சொல்லலாம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மையாருக்கு வணக்கம். ஆங்கிலத்தில் வீட்டைக் குறிக்கும் சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் வீட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. எவர் மண்ணில் எவர் பொருகிறார் என்பதைப் பகுத்துப் பெயரிட்ட மொழி தமிழ். போரைப் பாடும் புறத்திணைகளில் பகைவர்மேல் செல்வது வஞ்சி. எதிர்நின்று தடுப்பது காஞ்சி. மதிலை வளைப்பது உழிஞை. மதிலைக் காப்பது நொச்சி. இரு தரப்பும் ஒரு களத்தில் வந்து வலிமை காட்டிப் பொருவது தும்பை. ஆகவே பிறர் ஊருக்குச் சென்று ஆடுவதை ‘வஞ்சி ஆட்டம்’ என்றும், தன் ஊரில் ஆடுவதைக் ‘காஞ்சி ஆட்டம்’ என்றும், இருவருக்கும் உரிமையில்லாத இடத்தில் ஆடுவதைத் ‘தும்பை ஆட்டம்’ என்றும் வழங்கலாம்.

இதில் இன்னொரு பொருத்தத்தையும் குழுமத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும். தொல்காப்பியர் தும்பையை நெய்தல் என்னும் அகத்திணைக்குப் புறனாக, அதாவது இணையான புறத்திணையாக வைத்தார். நெய்தல் கடல்சார்ந்த நிலம். கடல் சூழ்ந்த தீவுகளின் கழகங்கள் பொதுக் களத்தில் கூடிப் பொருவதற்கு இதைவிட அமைந்த பெயர் வேறெந்த மொழியிலும் கிடைக்காது. பழைய சொல் ஒன்று புதிய வாழ்வு பெறும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை. அதை இழந்துவிடக் கூடாது என்பதே என் விருப்பம்.

மடல் 3: உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்

ஐயா அவர்களின் புலமைக்கு என் வணக்கம். ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப்போவது ஏழாம் வகுப்பு மாணவர்கள். நான் தினமும் அவர்களோடுதான் மைதானத்தில் நிற்கிறேன். வஞ்சி என்றால் அவர்களுக்கு ஏமாற்றுவது நினைவுக்கு வரும். காஞ்சி என்றால் ஊர் நினைவுக்கு வரும். தும்பை என்றால் பூ. மூன்றையும் விளக்க மூன்று அடிக்குறிப்பு எழுதினால், கோல் அடித்தது யார் என்பதைச் சொல்ல இடமிருக்காது.

இலக்கண நோக்கிலும் ஒரு தடையுண்டு. காஞ்சியை எதிர்நின்று தடுக்கும் போராகக் கொள்வது புறப்பொருள் வெண்பாமாலையின் மரபு. தொல்காப்பியத்தில் காஞ்சி நிலையாமையைப் பேசும் திணை. அங்கே வஞ்சியே மண்ணை விரும்பி வரும் இரு வேந்தரின் போருக்குரியது. ஐயா தும்பைக்குத் தொல்காப்பியத்தையும் காஞ்சிக்கு வெண்பாமாலையையும் சான்றாகக் கொள்வது முறையாகத் தோன்றவில்லை.

‘சொந்த மைதானம்’ என்று நாளிதழ்களில் எழுதுகிறார்கள். மாணவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதையே வைத்துக்கொண்டு, பிரிவுச் சுற்றுக்குப் ‘பொது மைதானம்’ என்றால் போதும்.

மடல் 4: எழுத்தாளர், யாழ்ப்பாணம்

எல்லோருக்கும் வணக்கம். உதைபந்தாட்டத்தைப் பற்றி எங்கள் ஊரில் எழுதும்போது எங்களுக்கும் இதே இடர் வந்திருக்கிறது. சொல்லைத் தேடுமுன் பொருளைப் பிரித்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். இந்தப் போட்டியில் ‘ஹோம்’ என்ற ஒரே சொல் மூன்று வேறு நிலைகளைச் சுமக்கிறது. ஒன்று, கழகம் வழக்கமாக ஆடும் இடத்திலேயே ஆட்டம் நடப்பது. இரண்டு, ஒரு பிரிவின் ஆட்டங்களையெல்லாம் தன் மண்ணில் நடத்திக்கொடுக்கும் உதைபந்தாட்டச் சங்கத்தைச் சேர்ந்த கழகம், தன் சொந்த இடத்தில் இல்லாவிட்டாலும் தன் மக்களின் முன்னே ஆடுவது. மூன்று, ஆட்டப் பட்டியலில் ஒரு கழகத்தின் பெயர் முதலில் எழுதப்பட்டிருப்பது. இதற்கு மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லை, பொதுவாகச் சீருடை நிறம் மோதும்போது எவர் மாற்றிக்கொள்வது போன்ற ஒழுங்குகளுக்கு மட்டுமே பயன்படும். மூன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவதனால்தான் எந்தச் சொல்லும் பொருந்தவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் நிலைக்கு எவரும் ‘நடத்தும் நாடு’ என்று எழுதிவிடக் கூடாது. ஓசியானியக் கூட்டமைப்பின் பதினொரு முழு உறுப்பினர்களில் நியூ கலிடோனியாவும் டஹிட்டியும் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டவை. அமெரிக்கச் சமோவா பெயரிலேயே தன் நிலையைச் சொல்கிறது. நியூ கலிடோனியாவில் விடுதலை பற்றிய வாக்கெடுப்பு 2018 நவம்பரில்தான் நடந்தது. பெரும்பான்மையோர் பிரான்சோடு இருப்பதையே தேர்ந்தனர். அதற்குச் சில மாதங்களின் பின் நடந்த போட்டியில் வாகை சூடிய யெங்கேன் ஸ்போர்ட் கழகத்தின் ஊர், அங்குள்ள பூர்வகுடிகளான கனாக் மக்களின் விடுதலைத் தலைவரான ழான்-மரி ஜிபாவு நகரத் தலைவராக இருந்த ஊர். அந்த மண்ணைப் பற்றி எழுதும்போது ‘நாடு’ என்று எழுதினாலும் ‘மாநிலம்’ என்று எழுதினாலும் நாம் அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம். ‘உறுப்புச் சங்கம்’, ‘நடத்தும் சங்கம்’ என்பவையே நேர்மையானவை. தலைப்பில் ‘தீவு நாடுகளின் கழகங்கள்’ என்று இருந்தால் அதையும் ‘தீவுகளின் கழகங்கள்’ என மாற்றும்படி மொழிபெயர்ப்பாளரை அன்போடு கேட்கிறேன்.

மடல் 5: வானொலிச் செய்தியாளர், சிங்கப்பூர்

யாழ்ப்பாணத்து நண்பரின் பகுப்பை முழுமனத்தோடு வழிமொழிகிறேன். முதல் நிலைக்கு மட்டும் ஒரு சொல்லை முன்வைக்கிறேன். ‘மைதானம்’ பாரசீகத்திலிருந்து வந்தது. நாங்கள் இங்கே ‘திடல்’ என்கிறோம். காற்பந்துத் திடல் என்பது இங்குள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும். திட்டு, திடர், திடல் ஆகியவை ஒரே குடும்பத்துச் சொற்கள். நீரிடையே மேடாக நிற்கும் நிலத்தையும் அவை குறித்தன. தீவுகளுக்கு இடையிலான ஒரு போட்டியில் ‘தன்திடல்’, ‘பிறதிடல்’, ‘பொதுத்திடல்’ என்று எழுதும்போது தீவும் ஆடுகளமும் ஒரே சொல்லுக்குள் வந்து அமைகின்றன. 2010 இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாப்புவா நியூ கினியின் ஹெக்காரி யுனைட்டெட் தன்திடலில் 3–0 என வென்றது, பிறதிடலில் நியூசிலாந்தின் வைத்தக்கேரே யுனைட்டெட்டிடம் 1–2 எனத் தோற்றது, மொத்தம் 4–2. வாசித்துப் பார்த்தால் எங்கும் தடங்கலில்லை.

மடல் 6: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

உடற்கல்வி ஆசிரியர் எழுப்பிய தடையை ஏற்கிறேன், காஞ்சியை விட்டுவிடுகிறேன். தும்பைக்கு அந்தத் தடை இல்லை. தொல்காப்பியமும் வெண்பாமாலையும் தும்பையைப் போரிடும் திணையாகவே கொள்கின்றன. எனவே ‘பொதுத்திடல்’ என்ற இடத்தில் மட்டுமாவது தும்பை நிற்கலாம்.

சிங்கப்பூர் நண்பரின் ‘தன்திடல்’ நன்று. ஆயினும் ‘தன்’ என்பதன் ஈறு வல்லெழுத்தோடு உறழும் என்பது நன்னூல் விதி. ‘தற்காப்பு’, ‘தற்பெருமை’ என்று வழங்குகிறோம். களம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் ‘தற்களம்’ என்ற செறிவான வடிவம் கிடைக்கும். லகரம் றகரமாகும் இதையொத்த விதியின்படிதான் சிங்கப்பூரில் ‘காற்பந்து’ என்று திருத்தமாக எழுதுகிறார்கள். நாம் ‘கால்பந்து’ என்று எழுதி வேற்றுமைப் புணர்ச்சியைக் கைவிட்டுவிட்டோம்.

ஊர்ப்பெயரைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். ‘யெங்கேன்’ என்று யகரத்தோடு எகரம் சேர்ந்து மொழிமுதலில் வருவது தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் உடன்பாடன்று. ‘ஆவோ டல்லது யகர முதலாது’ என்பது தொல்காப்பிய நூற்பா. ‘இயெங்கேன்’ என்று எழுதுவதே முறை.

மடல் 7: உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்

‘தற்களம்’ என்பதைப் படிக்கும் மாணவன் அதைத் தற்காலிகக் களம் என்பதன் சுருக்கமாகவே கொள்வான். பொருள் நேர் எதிராகிவிடும். ‘தன்திடல்’ எனக்கு உடன்பாடு. ஆனால் தமிழ்நாட்டில் திடல் என்றால் பொதுக்கூட்டத் திடலும் பொருட்காட்சித் திடலும்தான் முதலில் தோன்றும். ஊர்ப்பெயரில் மொழிமுதல் விதியைக் கொண்டுவர வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊர் மக்கள் தங்கள் ஊரை எப்படி ஒலிக்கிறார்களோ அதற்கு அருகில் நம் எழுத்து நிற்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

மூன்றாம் நிலைக்கு இன்னும் எவரும் சொல் தரவில்லை. ‘முதலணி’ என்று எண்ணினேன். ஆனால் ஒரு கழகத்தின் முதன்மை அணியையும் இருப்பு அணியையும் பிரிக்க அந்தச் சொல் தேவைப்படும். ‘முன்பெயர் அணி’, ‘பின்பெயர் அணி’ என்று வைத்தால் பட்டியலில் பெயர் முன்னே இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்லாது. நமக்கு வேண்டியதும் அவ்வளவே.

மடல் 8: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும். ஆகவே பெரும்பாலோர் ஏற்றவற்றைக் கொண்டு இயலைத் திருத்திவிட்டேன். கழகம் வழக்கமாக ஆடும் இடம் ‘சொந்தக் களம்’. மற்றவருடையது ‘எதிரணிக் களம்’. ‘தன்திடல்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தும், தனிமடலில் கருத்துச் சொன்ன மூவரில் இருவர் திடலை ஏற்காததால் களத்தோடு நின்றேன். போட்டியை ஏற்று நடத்தும் சங்கம் ‘நடத்தும் சங்கம்’. பட்டியலில் முதலில் வருவது ‘முன்பெயர் அணி’. இருவருக்கும் உரிமையில்லாத இடம் ‘பொதுக்களம்’. தலைப்பிலிருந்து ‘நாடுகள்’ நீக்கப்பட்டது. ஊர்ப்பெயர் ‘யெங்கேன்’ என்றே இருக்கும்.

இந்தப் பகுப்பால் இயலின் ஒரு பத்தி முழுவதும் தெளிவடைந்துவிட்டது என்பதையும் மகிழ்வோடு தெரிவிக்கிறேன். 2011 முதல் 2018 வரை ஒவ்வோர் ஆண்டும் கோப்பை நியூசிலாந்துக்கே சென்றது. அவற்றில் 2017 வரையான ஏழும் ஆக்லாந்து சிட்டியுடையவை. 2019 அரையிறுதிகளில் ஆக்லாந்து சிட்டியும் டீம் வெலிங்டனும் வெளியேறி, முதன்முறையாக நியூ கலிடோனியாவின் இரு கழகங்களே இறுதியில் சந்தித்தன. மே 11 அன்று நியூ கலிடோனியாவின் தலைநகரான நூமேயாவில் ஆந்துவான் ருவான் அடித்த ஒரே கோலால் யெங்கேன் 1–0 என மஜெந்தாக் கழகத்தை வென்றது. ‘உள்ளூர் அணி வெளியூர் அணியிடம் தோற்றது’ என்று முதல் படியில் எழுதியிருந்தேன். இரண்டும் ஒரே சங்கத்தின் கழகங்கள் என்பது அந்தத் தொடரில் மறைந்துபோயிருந்தது. இப்போது ‘நடத்தும் சங்கத்தின் இரு கழகங்கள் மோதிய இறுதி’ என்று எழுதியிருக்கிறேன். அதே ஆண்டு டிசம்பரில் தோஹாவில் யெங்கேன் கத்தாரின் அல் சத்திடம் கூடுதல் நேரத்தில் 1–3 எனத் தோற்ற உலகக் கழகக் கோப்பை ஆட்டத்திலும் அல் சத்தை ‘நடத்தும் சங்கத்தின் கழகம்’ என்றே குறித்துள்ளேன்.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. இறுதியாட்டம் நடந்த நூமா-தாலி அரங்கை அட்டவணையில் ‘பொதுக்களம்’ என்று போட்டிருக்கிறேன்.

மடல் 9: எழுத்தாளர், யாழ்ப்பாணம்

அதை மட்டும் மாற்ற வேண்டும். நூமா-தாலி அரங்கு இருப்பது நூமேயாவின் மஜெந்தாப் பகுதியிலேயே. கழகத்தின் பெயரும் அந்தப் பகுதியின் பெயரும் ஒன்று. யெங்கேன் அங்கிருந்து சாலைவழியில் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கிறது. சங்கம் ஒன்றாக இருந்தாலும், எதிரணியின் களத்துக்குச் சென்று வென்றவர்கள் அவர்கள். ‘பொதுக்களம்’ என்று அச்சிட்டால் அந்தப் பயணத்தை அட்டவணை அழித்துவிடும்.

மடல் 10: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வதே சரி. அந்த ஓர் ஆட்டத்தையாவது அடிக்குறிப்பில் ‘வஞ்சி’ என்று எழுதுமாறு அம்மையாரைக் கேட்டுக்கொள்கிறேன். அச்சகத்தார் இடமில்லை என்று மறுத்தால், அடுத்த பதிப்புக்கென என் மாற்றுக் கருத்தைக் குழுமத்தின் ஆவணத்தில் பதிந்துவைக்க வேண்டும்.