டூலோஸ் புஸ்தகக் கப்பல்ல ஏறினவங்க யாராச்சும் இருக்கியளா? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

குழித்துறை ஆத்தங்கரை:

நான் களியக்காவிளை பக்கம், வீட்டுல தமிழ், கடையில மலையாளம், அப்படியான ஊரு. ஒம்பதாங்கிளாஸ் படிக்கும்போ கொச்சிக்கு ஒரு புஸ்தகக் கப்பல் வந்திருக்குன்னு மலையாளப் பேப்பர்ல போட்டோ வந்திச்சு. எனக்க அம்மை அதக் கிழிச்சு மடிச்சு பர்ஸுல வச்சுட்டு ரெண்டு நாளு ஒண்ணும் பேசல. மூணாவது நாளு ராத்திரி வாழையிலை வாட்டிப் பொதிச்சோறு கட்டுதா, "நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு போடு மக்கா, கப்பல் பாக்கப் போவோம்"னு சொல்லுதா.

குழித்துறை ஸ்டேஷன்ல இருட்டோட ரயில் ஏறி எறணாகுளம் போனோம், அங்க மாமா கொத்தவேலைக்கு நின்னாரு, அவருதான் வில்லிங்டன் ஐலண்டுக்கு பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனது. வரிசைன்னா அப்படி ஒரு வரிசை, கன்னியாஸ்திரிமாரு, ஸ்கூல் பிள்ளைங்க, முண்டு மடிச்சுக் கட்டின சேட்டன்மாரு எல்லாரும் வெயில்ல நிக்குதாங்க. கப்பல் வெள்ளையா இருந்துச்சு, நான் நெனச்ச அளவுக்குப் பெருசா இல்ல, ஆனா கிட்ட போகப் போகத்தான் அதுக்க வயசு தெரிஞ்சுது. தகடு மேல தகடு வச்சு ஓரம் பூரா ஆணி மொட்டு, வரிசை வரிசையா, எத்தனையோ தடவ பெயிண்ட் அடிச்சு அடிச்சு அந்த மொட்டெல்லாம் மழுங்கி அப்பளத்துல பொங்கின கொப்புளம் மாதிரி இருக்கு. நான் ஏணிப்படி ஏறும்போ கைய நீட்டி ஒண்ணத் தொட்டேன், வெயில்ல நல்ல சூடு. மேல நின்ன ஒரு மலையாளி அக்கா (கப்பல்லயே சம்பளம் இல்லாம வேலை பாக்குத ஆளு) அதப் பாத்துட்டு "மோளே, அது 1914ல அடிச்ச ஆணி"ன்னு சொன்னா. டைட்டானிக் முங்கி ரெண்டே வருசம். இப்ப உள்ள கப்பல் எல்லாம் வெல்டிங், ஆணி கிடையாது.

உள்ள புஸ்தகத்துக்கு ரூவாயில விலை போடல, எல்லாத்துலயும் 'யூனிட்'னு ஒரு நம்பர், இத்தனை யூனிட்டுக்கு இத்தனை ரூவான்னு ஒரு போர்டு தொங்குது. ஒவ்வொரு நாடா போற கப்பல்ல, ஊருக்கு ஊரு ஸ்டிக்கர மாத்த முடியாதுல்லா. அம்மை அந்தப் போர்டு முன்னால நின்னு விரல மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. கடைசில மீன் படம் போட்ட ஒரு பெரிய புஸ்தகம் வாங்கித் தந்தா. திரும்பி வரும்போ ரயில்ல உக்கார இடமில்ல, நின்னுக்கிட்டே பாதி படிச்சுட்டேன்.

பெறவுதான் அந்தக் கப்பலுக்க கதையத் தேடித் தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல நியூபோர்ட் நியூஸ்ங்கற ஊர்ல கட்டும்போ அதுக்குப் பேரு மெடினா, சரக்குக் கப்பல். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு 1948ல கைமாறி ரோமான்னு பேரு மாத்தி ஆளு ஏத்துத கப்பலாக்கி, கத்தோலிக்கருக்க 1950 புனித ஆண்டுக்கு ரோமாபுரி போற யாத்திரக்காரங்களையும் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து போற ஐரோப்பாக்காரங்களையும் கொண்டுபோயிருக்கு. 1952ல இத்தாலியில காஸ்டா கம்பெனி வாங்கி ஃபிராங்கா சி ஆச்சு, 1959ல உல்லாசக் கப்பலா மாத்தி கரீபியன் தீவு சுத்த விட்டாங்க. 1977ல ஜெர்மனிக்கார கிறிஸ்தவ அமைப்பு ஒண்ணு வாங்கி டூலோஸ்னு பேரு வச்சு புஸ்தகக் கப்பலாக்கினாங்க. நான் மிதிச்ச அந்தத் தளத்துல எனக்கு முன்னால வீடு வாசல வித்துட்டு ஊரு விட்டுப் போனவங்க நின்னிருக்காங்க, அதே இடத்துல பத்து வருசம் கழிச்சு பணக்காரங்க நீச்சல் டிரஸ்ஸோட நின்னிருக்காங்க, அதுக்குப் பெறவு நானும் அம்மையும். இத நெனச்சா எனக்கு ஒறக்கம் வராது.

உங்கள்ல யாரு பாத்திருக்கியோ, சென்னையிலயோ கொச்சியிலயோ, எழுதுங்க.

வேலந்தாவளம் லோடு:

அக்கா வணக்கமுங்க. நானு புஸ்தகம் வாங்கப் போகலீங்க, வெங்காயம் எறக்கப் போனேன். நமக்கு வேலந்தாவளம் மார்க்கெட்டுல இருந்து பாலக்காடு வழியா கொச்சிக்கு காய்கறி லோடு, அப்ப நான் கிளீனரு, டிரைவர் எங்க பெரியப்பா. மட்டாஞ்சேரி யாவாரி ஒருத்தரு கப்பலுக்கு சாமான் சப்ளை எடுத்திருந்தாரு, மார்க்கெட்டுல எறக்காம நேரா ஹார்பருக்கு உடச் சொல்லிட்டாரு. கேட்டுல பாஸ் எழுதி, வண்டி நம்பர் எழுதி, பெரியப்பா லைசென்ஸ வாங்கி வெச்சுக்கிட்டு, ரெண்டு மணி நேரம் போச்சுங்க.

சுமையாளு வருவாங்கன்னு பாத்துட்டு நின்னா கப்பல்ல இருந்து பசங்களும் புள்ளைகளுமா ஒரு முப்பது நாப்பது பேரு எறங்கி வந்தாங்க. கறுப்பு, வெள்ளை, கொரியாக்காரங்க மாதிரி, நம்மூரு ஆளுக, எல்லா சாதி முகமும் இருக்குதுங்க. வண்டிகிட்ட இருந்து கப்பல் கதவு வரைக்கும் வரிசையா நின்னு கைமாத்திக் கைமாத்தி உள்ள அனுப்பறாங்க, தக்காளிக் கூடை, கோசு, கேரட்டு, ஒண்ணு கீழ உழுகல. எனக்குப் பக்கத்துல ஒரு வெள்ளக்காரப் புள்ள, இருவது வயசு இருக்கும், வெங்காய மூட்டைய நானும் அதுவும் ஆளுக்கொரு முனை புடிச்சுக் குடுத்தோம். அந்தப் புள்ளைக்கு கையெல்லாம் சிவந்து போச்சு, நிறுத்தவே இல்லீங்க. முன்னூறு பேருக்கு மேல அதுலயே தங்கி சமைச்சுத் திங்கறாங்களாம், அம்பது மூட்டை எந்த மூலைக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

இப்ப எதுக்கு இத எழுதறேன்னா, நீங்க எழுதினதப் படிச்சுட்டு எம் பையன் போன்ல மெடினா கதையத் தேடிப் படிச்சுக் காட்டினானுங்க. அந்தக் கப்பலு 1914ல கட்டினதே டெக்சாஸ்ல இருந்து வெங்காயமும் காய்கறியும் ஏத்தறதுக்குத்தானாமுங்க. எனக்கு மேலு சிலுத்துப் போச்சு. நாங்க எறக்கினதும் வெங்காயம்.

குளச்சல் கடக்கரை:

தங்கச்சி நல்லா எழுதியிருக்கா. நான் டூலோஸ்ல ஏறினதில்ல, ஆனா இருவத்திரெண்டு வருசம் கப்பல்ல ஆயிலர் வேலை (இஞ்சினுக்கு எண்ணெய் போட்டுப் பாத்துக்கிடுத வேலை) பாத்தவன், இஞ்சின் ரூம்தான் எனக்க வீடு, அதனால இத வேற கண்ணோட பாக்கேன்.

டூலோஸ் ஏன் அவ்வளவு காலம் ஓடிச்சுன்னு கேட்டா என் பதில் ரெண்டு: சின்னக் கப்பல், டீசல் இஞ்சின். காஸ்டாக்காரன் வாங்கினதுமே பழைய ஸ்டீம் இஞ்சினக் கழத்திட்டு டீசல் போட்டான், அதுதான் அதுக்கு ஆயுசு குடுத்தது. நீளம் 130 மீட்டர்தான், எந்தச் சின்ன ஹார்பர்லயும் நொழஞ்சிரும், அதான் நூறு நாட்டுக்கு மேல போய் வர முடிஞ்சுது.

அமெரிக்காவுல மியாமியில நான் பாத்த 'நார்வே'ங்கற பெரிய கப்பல எடுத்துக்கிடுங்க. 1962ல பிரான்ஸ்காரன் 'பிரான்ஸ்'னே பேரு வச்சு நியூயார்க் லைன்ல விட்ட கப்பல், 316 மீட்டர் நீளம், குயின் மேரி 2 வார வரைக்கும் உலகத்துலயே நீளமான பயணிக் கப்பல். அது கட்டும்போதே ஜெட் விமானம் வந்தாச்சு, அஞ்சாறு நாளு கடல்ல போறவன் எட்டு மணி நேரத்துல அட்லாண்டிக்கத் தாண்டுதான், கப்பல்ல யாரு ஏறுவான்? 1974ல பிரான்ஸ் அரசாங்கம் காசு குடுக்க முடியாதுன்னு சொல்லிச்சு, தொழிலாளிகள் கப்பலப் புடிச்சு வச்சு ஸ்ட்ரைக் பண்ணினாங்க, ஒண்ணும் நடக்கல, வருசக்கணக்கா பிரான்ஸ்ல லே ஹாவ்ரு ஹார்பர்ல கெட்டிப் போட்டுட்டாங்க. 1979ல நார்வேக்காரன் வாங்கி நார்வேன்னு பேரு மாத்தி ஜெர்மனியில வேலை செஞ்சு 1980ல கரீபியன் உல்லாசக் கப்பலா விட்டான். நாலு புரொப்பல்லர்ல ரெண்டக் கழத்திட்டான், உல்லாசத்துக்கு வேகம் எதுக்கு, எண்ணெய் மிச்சம். தண்ணிக்கடியில ரொம்ப ஆழம் வேணும், தீவுக்க ஜெட்டியில கெட்ட முடியாது, அதனால பெரிய பெரிய படகு ரெண்ட அதுக்க முன்தளத்துல தூக்கி வச்சிருப்பான், ஆள இறக்கிக் கரை சேக்கதுக்கு. வாராவாரம் மியாமியில அது வந்து கெட்டும்போ நாங்க டெக்குல போய் நிப்போம், அந்த நீல உடம்பும் சிறகு வச்ச ரெண்டு புகைக்கூண்டும், அத விட அழகான கப்பல நான் பாத்ததில்ல.

ஆனா கடைசி வரைக்கும் அது ஸ்டீம். 2003 மே 25 காலையில மியாமியில கெட்டிக் கெடக்கும்போ பாய்லர் வெடிச்சு எட்டு பேரு செத்தாங்க, எல்லாம் எங்களப் போல கப்பல்ல வேலை பாக்குத ஆளுங்க. பாய்லர் ஹெட்டர்ல (குழாயெல்லாம் வந்து சேருத பெரிய குழாய்) வெடிப்பு விழுந்திருந்ததுன்னு அமெரிக்க விசாரணையில வந்திச்சு. வேற கப்பல்ல வாட்ச் டூட்டியில நிக்கும்போதான் எனக்குச் செய்தி கிட்டுச்சு. அன்னைக்கு எங்க சீஃப் இஞ்சினியர் ஒண்ணும் பேசல, டார்ச்ச எடுத்துட்டு எங்க பாய்லரையே ரெண்டு தடவ சுத்தி வந்தாரு, நானும் பின்னாலயே போனேன்.

அதுக்குப் பெறவு அது பயணி ஏத்தவே இல்ல. ப்ளூ லேடின்னு பேரு மாத்தி 2006ல நம்ம குஜராத்துல கப்பல் உடைக்குத அலாங் கரையில ஏத்தினாங்க, உள்ள இருந்த ஆஸ்பெஸ்டாஸ் உடம்புக்குக் கேடுன்னு போட்ட கேஸ் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு, 2007ல உடைக்க அனுமதி குடுத்துட்டாங்க. குஜராத்துக்கு வேலைக்குப் போன எங்கூரு பையன் ஒருத்தன் அங்க இருந்து ஒரு போர்ட்ஹோல் (கப்பல் வட்ட ஜன்னல்) பித்தளை வளையம் வாங்கிட்டு வந்தான், அது அந்தக் கப்பலுக்கதா வேற கப்பலுக்கதான்னு அவனுக்கும் தெரியாது. இருந்தும் வெள்ளிக்கிழம தோறும் தொடச்சு வைக்கான்.

தக்கலை டு சிங்கப்பூர்:

அக்கா, அண்ணாச்சி, நான் சிங்கப்பூர்ல ஸ்காஃபோல்டிங் வேலை, இரும்புச் சாரம் கட்டுறது. நீங்க எழுதினதப் படிச்சுட்டுத்தான் போன மாசம் ரெண்டு நாள் லீவு சேந்தாப்ல கிடைச்சப்ப ஃபெர்ரி ஏறி இந்தோனேசியாவுல பிந்தான் தீவுக்குப் போனேன். டூலோஸ் அங்கதான் இருக்கு. 2010 அக்டோபர்ல இருந்து எரியக்கூடிய சாமான் கொண்டு கட்டின பழைய கப்பல் பயணிகளோட ஓடக்கூடாதுன்னு உலகச் சட்டம் வந்துச்சு, அதச் சரி பண்ண ஆகுற காசுக்கு வழியில்லாம 2009 கடைசியில அவங்க நிறுத்திட்டாங்க. சிங்கப்பூர்காரர் ஒருத்தர் வாங்கினாரு, உடைக்கக் குடுக்கல. கடல்ல மண்ணக் கொட்டி நங்கூர வடிவத்துல மேடாக்கி அதுமேல ஏத்தி 2019ல ஹோட்டலாக்கிட்டாங்க, டூலோஸ் ஃபோஸ்னு பேரு.

ஆணி மொட்டு இருக்கு அக்கா. நான் நேரா அதத்தான் தேடிப் போனேன். ஏணி பக்கத்துல என் தோள் உயரத்துல ஒரு வரிசை, மேல வெள்ள பெயிண்ட் புதுசா மின்னுது, விரல வச்சா மழுங்கல் நல்லா தெரியுது. நான் இரும்புலயே கெடக்கிறவன், ஒவ்வொரு ஆணியும் ஒருத்தன் காய்ச்சிக் குடுத்து ஒருத்தன் புடிச்சு ஒருத்தன் அடிச்சதுன்னு தெரியும். எத்தனை ஆயிரம் ஆணி!

ஒரு ராத்திரி தங்கினேன், என் சம்பளத்துக்கு அது பெரிய காசுதான், மனசு வந்து குடுத்தேன். ஜன்னல் வட்டமா இருக்கு, வெளிய கடல், ஆனா கப்பல் ஆடல. இஞ்சின் சத்தமும் இல்ல. நடுராத்திரி முழிப்பு வந்து ரொம்ப நேரம் அந்த அமைதியக் கேட்டுக்கிட்டே கெடந்தேன்.

குழித்துறை ஆத்தங்கரை:

தம்பி, நீ எழுதினத இப்பத்தான் அம்மைக்கு வாசிச்சுக் காட்டினேன். இப்ப கண்ணு சரியாத் தெரியாது, அதான் சத்தமா வாசிச்சேன். மண்ணுல ஏத்தி வச்சிருக்காங்கன்னு சொன்னதும் "அப்ப அலைக்கு எங்க போவும்"னு கேட்டா. மீன் புஸ்தகத்தக் கேட்டு வாங்கி மடியில வச்சுட்டு பின்னட்டைய விரலால தடவித் தடவிப் பாக்கா, அந்த யூனிட் ஸ்டிக்கரு பாதி உரிஞ்சும் இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு.