மேட்டு ராஜா விளையாட்டு: முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்கு விளையாட்டுப் போட்டி வைக்கப் போகிறோம்.

ஆங்கிலத்தில் 'கிங் ஒஃப் த ஹில்' என்பார்களே, அதுதான் இவர்களுக்கும் உயிர். மேட்டு உச்சியில் ஒருவன் நிற்பான், மற்றவர்கள் அவனைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு துறையில் கொடிகட்டிப் பறப்பவரையும் ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்கிறார்கள். சதுரங்கத்திலும் இந்தப் பெயரில் ஒரு வகை உண்டு. ராஜா நடு நாலு கட்டங்களில் ஒன்றுக்குப் போய்விட்டால் வெற்றி.

எங்கள் பிள்ளைகள் விளையாடுவது லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னாலுள்ள மண்மேட்டில். மழை பெய்து செம்மண் வழுக்கினால் இன்னும் குஷி. ஆனால் மேட்டடியில் கருங்கல் கட்டிய கான் (வடிகால்) ஓடுகிறது, விழுந்தால் மண்டை உடையும். அதற்காக நிறுத்தச் சொல்ல மனமில்லை.

தள்ளுமுள்ளு இல்லாமல் இதை விளையாடும் முறை ஏதும் தெரியுமா? இடுப்பில் துணி செருகி, அதைப் பறித்தால் ஆள் அவுட் என்று வைக்கலாமா? சின்னதுகளையும் பெரியதுகளையும் எப்படிப் பிரிப்பது? பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கத்து அண்ணன்மார், அக்காமார் சிறுவயதில் விளையாடிய முறையைக் கட்டாயம் எழுதுங்கள். வீட்டிலுள்ள தாத்தா, அம்மாயியிடம் கேட்டுச் சொன்னால் இன்னும் சந்தோசம்.